ஆமா நடக்கும் தடம்

மினி பஸ் காலை ஆறே முக்காலுக்கு. வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனால் எட்டு நிமிட நடை. அன்று நாலாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டேன். ஒற்றையடிப் பாதை வளைகிற இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. மூச்சு விடுவது கேட்கிற தூரம். கறுத்த முதுகில் பனித்துளிகள் அப்படியே உருளாமல் இருந்தன. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களிலும் வெள்ளை, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஏறியதுபோல. கொம்பின் அடிப்பாகம் வெளிறிய மஞ்சள், நுனி கறுப்பு. இடது தோளில் ஒரு தேயிலைக் கிளை ஒடிந்து ஒட்டியிருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் கொழுந்து பறிக்கக் கிளம்பிய ஓர் அக்கா, முதுகில் பையும் தலையில் குல்லாவுமாக வந்து நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், அசையாம நில்லுங்க. நாம இருக்கறது அதுக்குத் தெரியும். அதுவா போகும்."

இருபது நிமிடம் நின்றோம். கீழே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. அது கடைசியில் தலையைத் திருப்பிக்கொண்டு, இரண்டு தேயிலை வரிசைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, ஒரு செடியும் முறியாமல் மேலே ஏறிப் போனது. அத்தனை பெரிய உடம்பு அத்தனை கவனமாக நடப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கோத்தகிரிக்கு வந்து எனக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இங்கே எல்லோரும் அதைக் காட்டெருமை என்கிறோம். செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அது எருமை இனமில்லை, மாட்டினம். காட்டு மாடுகளிலேயே உருவில் பெரியது. நன்றாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை எடை போடும். சங்கப் பாடல்களில் இதற்கு ஆமா, ஆமான் என்று பெயர். இரண்டெழுத்தில் இவ்வளவு நல்ல சொல் கையிலிருக்க, பொருந்தாத ஒன்றை எப்படிப் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையிலாவது நான் ஆமா என்றே எழுதப்போகிறேன்.

கோவையில் நான் குடியிருந்த வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை. இரும்பு சீவும் சத்தம் காலை எட்டுக்குத் தொடங்கி இரவு பத்துவரை ஓயாது. அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு கட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தாலும் அந்தச் சத்தம் என் காதுக்குள் ஓடத் தொடங்கியது. தூக்கம் போயிற்று. அமைதி வேண்டும் என்றுதான் மலைக்கு வந்தேன். அமைதி என்றால் யாரும், எதுவும் குறுக்கே வராமலிருப்பது என்று நினைத்திருந்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் ஏறினால் கோத்தகிரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். ஊட்டி அளவுக்குக் குளிராது. மேற்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர் எழுந்து நின்று தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால், எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. கோத்தர்கள் வாழும் மலை என்பதால் இந்தப் பெயர். சுற்றிலும் படகர்களின் ஊர்களான ஹட்டிகள், சரிவுகளில் இருளர், குறும்பர் ஊர்கள். அமைதி தேடி வந்தவர்களில் நான் முதல் ஆளில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைமேல் ஏறி வந்து, கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். அந்தக் கட்டடம் இன்று நினைவகமாக நிற்கிறது. அவர் தேடியதும் இந்தக் குளிரையும் அமைதியையும்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இந்த மலையை என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வாங்கியது பன்னிரண்டு சென்ட் இடமும் ஓட்டு வீடும். பின்பக்கம் சரிந்து ஓடையில் போய் முடியும். இடம் முடித்துக் கொடுத்தவர், வேலி போட்டுவிடுங்கள் என்றார். உடனே போட்டேன். கல்கால் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி. வேலை நடந்துகொண்டிருந்தபோது மேல் வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். படகர் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், வெள்ளை முண்டு உடுத்தியிருப்பார்.

"தம்பி, இது காட்டெருமை நடக்கற தடம். எங்க மாமனார் காலத்துலயே இப்படித்தான் ஓடைக்கு எறங்கும். ஒரு ஓரமா வழி விட்டுப் போடுங்க."

"பார்க்கலாம் பாட்டி" என்றேன். வழி விடவில்லை. பணம் கொடுத்து வாங்கிய இடம் என்ற நினைப்பு.

அடுத்த ஆண்டு ஆனி மாதம், இரவு பதினொன்றரை இருக்கும். முற்றத்து விளக்கே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. பின்பக்கம் கம்பி இழுபடும் சத்தம். நின்று, மறுபடி இழுபட்டது. பிறகு ஒரு குரல். நான் அதுவரை கேட்டிராத குரல். வீட்டு மாட்டின் "ம்மா"வை யாரோ தொண்டைக்குள்ளேயே அமுக்கிப் பிடித்ததுபோல, அடியிலிருந்து வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். வேலிக்கு உட்பக்கம் ஒரு கன்று. தேன் நிறம். கீழ்க் கம்பிக்கு அடியில் எப்படியோ புகுந்து வந்துவிட்டது, திரும்பிப் போக வழி தெரியவில்லை. முன்னங்கால் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மேகத்துக்குள் இருந்து பெரிய மூச்சு. தாய். அதன் பின்னால் இன்னும் மூன்று, நாலு உருவங்கள்.

பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேர் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் முதலில் சொன்னது, "லைட்டை அணைங்க சார்." அணைத்தேன். இருட்டில் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கன்று உதறும் சத்தம் மெல்ல அடங்கியபோது, ஒருவர் வேலியின் எதிர்க்கோடிக்கு ஊர்ந்துபோய், தாய் நிற்கும் இடத்துக்குத் தள்ளி, கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கம்பி தொய்ந்ததும் கன்றின் கால் விடுபட்டது. அது ஓடவில்லை. நின்றது. மறுபடியும் அந்த அமுங்கிய குரல் கேட்க, அந்தத் திசைக்குத் தலையைத் தூக்கி, வெட்டிய இடத்தின் வழியே நொண்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஓடையில் நீர் சலசலத்தது. பிறகு ஒன்றுமில்லை.

கம்பி வெட்டியவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "காயம் பெரிசா இருக்காது, பொழைச்சுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். காலையில் போய்ப் பார்த்தேன். முள்ளில் ஒரு கொத்து முடி சுற்றியிருந்தது. மண்ணில் கால் உழுத தடம். தாய் நின்ற இடத்தில் குளம்பு ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் அது ஒரே இடத்திலேயே நின்றிருக்கிறது.

அந்த வாரமே இரண்டு பக்க வேலியைப் பிரித்தேன். காய்கறிப் பாத்திக்கு மட்டும் சின்னதாக ஒரு தடுப்பை விட்டுவைத்தேன். பாட்டி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு தூக்கில் அவரைக் குழம்பு அனுப்பினார்.

நான் தேடிவந்த அமைதி அதற்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. எப்படி என்று விளக்கப் பல நாள் யோசித்திருக்கிறேன். இந்த இடம் எனக்கு மட்டுமானது என்ற காவல் உணர்வு போனதும், இரவில் கேட்கும் சத்தங்கள் மாறிவிட்டன. முன்பு இலை அசைந்தால் எழுந்து உட்காருவேன். இப்போது படுத்தபடியே யார் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். காய்ந்த சோளத்தட்டை உரசுவதுபோல வந்தால் முள்ளம்பன்றி. நாய் குரைப்பது போலவே, ஆனால் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வந்தால் கேளையாடு; அப்படியானால் பக்கத்தில் எங்கோ சிறுத்தை நடமாடலாம். புல்லைப் பிடுங்கும் கரகரப்பு ஒரே சீராகப் பத்து நிமிடம் கேட்டால் ஆமா. அந்தக் கரகரப்பில் நான் தூங்கிப்போன இரவுகள் அதிகம்.

கோடை மழை இறங்கியபின் விடியலுக்கு முன்பே ஓடையிலிருந்து ஒரு சீழ்க்கை. வேலையில்லாத பையன் ஒருவன் பாட்டை நினைவுபடுத்திக்கொண்டு விட்டு விட்டு சீட்டியடிப்பதுபோல. சீகாரப் பூங்குருவி. நேரில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் தோளில் நீலம் மின்னும். அதைப் பார்க்க நான் எட்டு நாள் ஒரே பாறையில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் அதுவே என் கால்மாட்டில் வந்து நண்டு பிடித்தது.

இந்த ஓடைகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டுமானால் லாங்வுட் சோலைக்குப் போக வேண்டும். கோத்தகிரி ஊருக்கு மிகப் பக்கத்தில் 116 ஹெக்டேர் பரப்பில் மிஞ்சியிருக்கும் மலைக்காடு. உள்ளே நுழைந்ததும் குளிர் ஒரு படி கூடும். தரை முழுக்க இலைமக்கு, காலை வைத்தால் மெத்தைபோல அமுங்கும். மரங்கள் உயரமில்லை, பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் உடம்பெல்லாம் ஏறிய குள்ள மரங்கள். கருமந்திகள் மேலே கனைக்கும். தரையில் எங்கு கையை வைத்தாலும் ஈரம். பெய்கிற மழையை இந்த இலைமக்கும் வேரும் வாங்கி வைத்துக்கொண்டு மாசி, பங்குனியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கீழேயுள்ள பல ஊர்களின் குடிநீர் இதுதான். ஒருகாலத்தில் விறகுக்கு வெட்டி வெட்டிக் கரைந்துகொண்டிருந்த சோலை. கோத்தகிரி மக்களே கூடி, கண்காணிப்புக் குழு வைத்து, வனத்துறையோடு சேர்ந்து நின்று காப்பாற்றினார்கள். 2024இல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. சதுப்பு நிலங்களுக்கான உலகப் பட்டியலில் ஒரு மலைக்காடா என்று கேட்பவர்கள், மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து அங்கே வந்து தரையை ஒரு முறை அழுத்திப் பார்த்தால் போதும்.

ஆமாக்கள் ஏன் ஊருக்குள் வருகின்றன? இந்தக் கேள்வியைக் கேட்காதவர் கிடையாது. நீலகிரியின் மேல்மட்டம் ஒருகாலத்தில் சோலையும் புல்வெளியுமாக இருந்தது. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். புல்லை வீண்நிலம் என்று எண்ணிய வெள்ளையர் அரசு அதில் தேயிலைக்கு இடம் கொடுத்தது. தோல் பதனிடச் சீகை மரமும் விறகுக்குக் கற்பூர மரமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டுக்கொண்டே போனோம். சீகை தானாகவே பரவி மிச்சப் புல்லையும் மூடியது. அதற்கடியில் புல் முளைக்காது. காட்டு ஓரங்களில் உண்ணிச்செடி புதராக அடைத்துக்கொண்டது. மேய்கிற விலங்குக்குத் திறந்த புல் எங்கே இருக்கிறது? தேயிலை வரிசைகளின் இடுக்கில், பள்ளிக்கூட மைதானத்தில், பங்களாப் புல்தரையில். அது நம் வீட்டுக்கு வரவில்லை; அதன் மேய்ச்சலில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். பாட்டி மாமனார் காலத்தை இழுத்துச் சொன்னது இதைத்தான்.

கரடியின் கதை வேறு. அது எண்ணெய்க்கும் இனிப்புக்கும் வருகிறது.

ஹட்டிக்கு வெளியே ஒரு சின்னக் கோயில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை, கதவு பெயர்ந்து கிடந்தது. உண்டியலை யாரும் தொடவில்லை. விளக்குகள் மட்டும் கவிழ்ந்து, அகலின் உட்புறம் நக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மரக்கதவில் நாலு கீறல்கள், என் சுண்டுவிரல் உள்ளே போகும் ஆழத்துக்கு. கரையானும் எறும்பும் தேனும் நாவல் பழமும் தின்கிற விலங்கு அது. மேல்தாடையில் நடுப் பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும் சத்தம் தொலைவிலேயே கேட்கும். கண்பார்வை மந்தம், மூக்கு அபாரம். விளக்கெண்ணெய் வாசமும், பேக்கரிக் குப்பையும், ரேஷன் கடைப் பாமாயிலும் அதற்கு இரண்டு மலை தாண்டி அழைப்பு விடுக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய வருடங்களில் கவாத்து செய்ய வழியில்லாமல் கைவிட்ட தோட்டங்களில் புதர் மண்டிவிட்டது. பகலெல்லாம் கரடி அங்கே படுத்துக் கிடக்கிறது. ஊரார் கூடிப் பேசினார்கள். இப்போது பூசாரி பூஜை முடிந்ததும் எண்ணெயை வடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். கதவை ராத்திரியில் சாத்துவதில்லை. கரடி அதற்குப் பிறகும் ஓரிரு முறை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தடம் இருந்தது. கதவுக்குச் சேதமில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். என் அமைதிக்கு நான் கொடுத்த விலை ஒரு வேலியும் சில பஸ்களும். தோட்ட வேலை செய்கிறவர்கள் கொடுக்கும் விலை அப்படிப்பட்டதில்லை. மேகம் இறங்கிய காலையில், இடுப்பளவு தேயிலைக்குள் படுத்திருக்கும் ஒற்றைக் காளையைக் கொழுந்து பறிப்பவர் பார்க்க முடியாது. இரண்டடி தூரத்தில், மிதித்துவிடுவதுபோல் போய் நிற்பார். அது திடுக்கிட்டு எழுந்து கொம்பை வீசும். அன்று என்னோடு இருபது நிமிடம் நின்ற அக்காவின் கணவருக்கு அப்படித்தான் தொடை கிழிந்தது. ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. இன்றும் ஏற்றத்தில் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்த அக்காவிடம், விலங்கோடு வாழ்வது எவ்வளவு அமைதி தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அன்று அசையாமல் நிற்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். விலங்கின் மேல் அவருக்கு வன்மம் கிடையாது. அவருடைய கோபமெல்லாம், குடியிருப்பிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை என்பதிலும், பாதையோரப் புதரை வெட்டச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டும் ஆள் வரவில்லை என்பதிலும்தான். அந்தக் கோபம் நியாயமானது. விலங்கும் மனிதனும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும், வீட்டுக்குள் ஒரு கழிப்பறையும் பாதைக்கு ஒரு விளக்கும் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு அவருக்குப் போய்ச் சேராது.

விடுமுறைக்கு வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. சிலர் அதைத் தொல்லை என்கிறார்கள். ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஒருவராவது கணக்குப் பார்க்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாருங்கள், இந்த மலை உங்களுக்கும்தான். ஆனால் மிச்சச் சோற்றைச் சரிவில் கொட்டாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் காட்டைப் பார்த்து ஃபோகஸ் லைட் அடிக்காதீர்கள். ஆமா நின்றால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், இறங்கிப் படமெடுக்கப் போகாதீர்கள். அது பக்கவாட்டில் திரும்பி உடம்பு முழுவதையும் காட்டினால் அழகு காட்டுகிறது என்று எண்ண வேண்டாம். 'என் அளவைப் பார், விலகு' என்று சொல்கிறது.

இந்த ஆனியோடு வேலியைப் பிரித்துப் பத்து வருடம். ஓடைக்குப் போகும் தடம் இப்போது நன்றாகப் படிந்துவிட்டது. அதன் ஓரத்தில் சாணி விழுந்த இடங்களில் மழைக்குப் பின் குடைக்காளான் பூக்கிறது. கல்கால்களில் இரண்டை நான் பிடுங்கவில்லை. ஒன்றில் ஆமாக்கள் கழுத்தை உரசி உரசி, மூலை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

பஸ் இன்றும் ஆறே முக்காலுக்குத்தான். நான் ஆறேகாலுக்கே கிளம்பிவிடுகிறேன். போன வியாழக்கிழமை வாசலைத் தாண்டிப் பத்தடி போய்த் திரும்பி வந்தேன். மேல் வீட்டுத் திண்ணையில் பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வழியில நிக்குதா தம்பி?"

"ரெண்டு நிக்குது பாட்டி. ஒண்ணு கன்னு."

"அப்ப மேல வாங்க. காபி கொதிக்குது."